மாஸ்டர் பதில்கள்: ஆறு கிரவுண்டு இருக்கும், ஒரு கிரவுண்டு இருக்காது

வேலூரில் முப்பத்து மூன்று வருஷம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவன் நான். ஏப்ரல் வந்தாலே கடிதங்களில் மாம்பழ வாசனைக்குப் பதில் அட்மிஷன் வாசனைதான் அடிக்கும். இந்த முறையும் பாதிக்கு மேல் அதுதான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்; முட்டி வலிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

என் கணவர் லுங்கி வியாபாரம் செய்கிறார். பெண் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். என் ஓரகத்தி பிள்ளைகள் வேலூரில் ஒரு பெரிய ஸ்கூலில் படிக்கிறார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்த ஸ்கூல் பேரைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். நாங்களும் அங்கேயே சேர்த்துவிடலாமா? வேன் வசதி இருக்கிறது.
- ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, ஓரகத்திக்காக எடுத்த புடவை பிடிக்காவிட்டால் பீரோவில் கிடக்கும். இது ஏழு வருஷம்.

அந்தப் பள்ளி நல்ல பள்ளியாகவே இருக்கலாம். ஆனால் அதை நீங்கள் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லாப் பள்ளிக்கூடமும் அழகுதான். கிரானைட் தரை, கண்ணாடி அலமாரியில் கோப்பைகள், ஏ.சி. ஓடும் ஆபீஸ், சிரித்த முகமாக ஒரு மேடம். சாயங்காலம் நாலே காலுக்குப் போங்கள். எதிரே டீக்கடை இல்லாத பள்ளி நம் ஊரில் கிடையாது. ஒரு டீ சொல்லிவிட்டு நில்லுங்கள்.

மணி அடித்த பத்தாவது நிமிஷம் பிள்ளைகள் எல்லாம் வேனில் ஏறி, வாட்ச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டினால் அது ஒரு வகை. மணி அடித்த பிறகு முப்பது நாற்பது பிள்ளைகள் பையை மரத்தடியில் குவித்துவிட்டு, ஒருவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, யாரோ ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போகாமல் நின்றால் அது இன்னொரு வகை. உங்கள் பெண்ணுக்கு அந்த இரண்டாவது வகைதான் வேண்டும், அவள் விளையாடாவிட்டாலும் கூட. நாலரைக்கு மேல் ஒரு வாத்தியார் தங்குகிற பள்ளியில்தான் கணக்கு வாத்தியாரும் தங்குவார். இது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

உள்ளே விட்டால் மைதானத்தைப் பாருங்கள். புல் பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். கோல் போஸ்ட்டுக்கு முன்னால் புல் இருக்கவே கூடாது. அந்த இடம் வழுக்கைத் தலை மாதிரி தேய்ந்து, கோல் கீப்பர் நிற்கிற இடம் லேசாகக் குழிந்திருக்க வேண்டும். கோ-கோ கம்பம் பிள்ளைகள் கைபட்டுப் பட்டு, தேர் வடம் மாதிரி வழவழவென்று ஆகியிருக்க வேண்டும். அடியில் கால் திருப்பித் திருப்பி மண் கிளறியிருக்க வேண்டும். ஸ்டோர் ரூமில் ஒரு வாலிபாலை எடுத்துக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். காற்று இருந்தால் நேற்று ஆடியிருக்கிறார்கள். சப்பென்று உள்ளே போனால் அது போன வருஷ ஆண்டு விழாவில் ஆடியது.

அப்படியே நூலகத்துக்கும் போய், ஏதாவது ஒரு புத்தகத்தின் பின் அட்டையைத் திறந்து தேதி முத்திரை பாருங்கள். கடைசி முத்திரை எந்த வருஷம் என்று பார்த்தாலே போதும். படிப்பு விஷயத்தில் இன்னொரு சோதனை உண்டு. வெளியே வருகிற ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தி, "இப்ப என்ன பாடம்மா நடக்குது?" என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பாடத்தைச் சொன்னால் சட்டென்று விளங்கிவிடும். இதே சங்கதி மேல்நிலையில் முற்றிப்போய், பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்த பள்ளிகள் ஏராளம். அதனால்தான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். இப்போது அதை எடுத்தாகிவிட்டது. பழைய குருடி கதவைத் திறடி ஆகாமல் இருக்க வேண்டும்.

மைதானம் ஏன் இவ்வளவு அரிது என்றால், பள்ளிக்கு இத்தனை நிலம் வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்த அளவுகோலைக் கேளுங்கள். கிராமத்தில் 3 ஏக்கர், பேரூராட்சியில் 1 ஏக்கர், நகராட்சியில் 10 கிரவுண்டு, மாநகராட்சியில் 6 கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஆக ஆறு கிரவுண்டு 14,400 சதுர அடி. கட்டடம், வேன் நிறுத்த இடம், ஜெனரேட்டர், தாளாளர் கார் எல்லாம் அதற்குள்தான். ஆறு கிரவுண்டு இருக்கும், ஒரு கிரவுண்டு இருக்காது. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பக் கோயிலுக்குள் வந்ததும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் காலியாகிவிட்டது. கிரவுண்டு இல்லாத ஸ்கூல் என்று நிரப்பிக்கொள்ளலாம்.

கடைசியாக வேன். குடியாத்தத்திலிருந்து போக ஒரு மணி, வர ஒரு மணி, ஊர் சுற்றி ஏற்றி இறக்க இன்னும் அரை மணி. பதினோரு வயசுப் பெண் காலை ஆறே முக்காலுக்கு இட்லியை விழுங்கிவிட்டு ஏறி, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து விழுவாள். அப்புறம் ட்யூஷன் வேறு. உங்கள் ஊரிலேயே நாலே கால் மணி சோதனையில் தேறுகிற பள்ளி ஒன்று இருக்கும், தேடுங்கள். ஓரகத்தியிடம் பேச்சை வேறு விதமாக ஆரம்பிக்க நான் கற்றுத் தருகிறேன், தனியாக எழுதுங்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை விருந்தினர் எப்போதும் ஏன் லேட்டாகவே வருகிறார்?
- வாசகர், சத்துவாச்சாரி

சீக்கிரம் வந்தால் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். அவரையும் ஒரு வரிசை போடச் சொல்லிவிடுவோம் என்ற பயம்தான்.

'பப்ளிக் ஸ்கூல்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே பப்ளிக் யாரும் போக முடியாத அளவுக்கு ஃபீஸ். இந்தப் பெயர் எப்படி வந்தது மாஸ்டர்?
- கல்லூரி மாணவர், காட்பாடி

இது இங்கிலாந்துச் சரக்கு தம்பி. அங்கே பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வீட்டிலேயே வாத்தியார் வைத்துப் படித்த காலத்தில், எந்த ஊர்ப் பிள்ளையும் பணம் கட்டி வந்து சேரலாம் என்றிருந்த பள்ளிகளைப் 'பப்ளிக்' என்றார்கள். பொதுவானது என்ற பொருள் பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும். இதில் பெரிய வேடிக்கை ஈட்டன். 1440-ல் ஆறாம் ஹென்றி ராஜா 70 ஏழைப் பையன்களுக்கு இலவசமாகப் படிப்புச் சொல்லித்தரத் தொடங்கிய பள்ளி அது. போகப் போக அங்கே படித்துவிட்டுப் பிரதமர் ஆனவர்கள் மட்டும் 20 பேர். ஏழைகளுக்குக் கட்டிய சத்திரத்தில் ஜமீன்தார்கள் குடிபோன கதை. 1868-ல் பப்ளிக் ஸ்கூல்களுக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். அதில் அடங்கியவை ஏழே பள்ளிகள்தான். நம் ஊர் பைபாஸ் ரோட்டில் அதைவிட அதிகம் இருக்கும்.

விளையாட்டைப் பள்ளிக்கூடத்தின் கௌரவத்தோடு முடிச்சுப் போட்டதும் அவர்கள்தான். ரக்பி என்பது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பள்ளியின் பெயர், அதற்கும் முன்னால் ஓர் ஊரின் பெயர். ஈட்டனில் 'வால் கேம்' என்று ஒன்று ஆடுவார்கள். நீளமான ஒரு செங்கல் சுவரை ஒட்டிச் சேற்றில் புரண்டு பந்தைத் தள்ள வேண்டும். வருஷா வருஷம் நடக்கும் அவர்களுடைய பெரிய போட்டியில் கடைசியாகக் கோல் விழுந்தது 1909-ல். நூறு வருஷத்துக்கு மேல் கோலே விழாத ஆட்டத்தை இன்னும் விடாமல் ஆடுகிறார்கள். இதைத்தான் பாரம்பரியம் என்கிறார்கள். நம் மேனேஜ்மென்ட் ஆட்களாக இருந்தால் ரெண்டாவது வருஷமே "ரிசல்ட் இல்லையே மாஸ்டர்" என்று சுவரை இடித்து வகுப்பறை கட்டியிருப்பார்கள்.

வாட்டர்லூப் போரை ஈட்டன் மைதானத்திலேயே ஜெயித்துவிட்டோம் என்று வெலிங்டன் பிரபு சொன்னதாகப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் முழங்குவார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ஈட்டனில் படித்தபோது அவர் பெரிய ஆட்டக்காரராகவும் இருந்ததில்லை. அதே வெலிங்டன்தான் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவை எதிர்த்து நின்ற படையில் இருந்தவர். அந்தப் போருக்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கொண்டுவந்து அடைத்தது நம் கோட்டையில். சுற்றிச் சுற்றி ஈட்டன் வேலூருக்கு வந்துவிட்டது பார்த்தாயா.

அங்கிருந்து நாம் இறக்குமதி செய்த சமாசாரங்களில் எனக்குச் சிரிப்பு வருவது 'ஹவுஸ்'. அங்கே பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். ஒவ்வொரு விடுதியும் நிஜமாகவே ஒரு வீடு, அதற்கொரு வாத்தியார், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்த பையன்கள் அடுத்த வீட்டுப் பையன்களோடு மோதினார்கள். நம் ஊரில் ரெட் ஹவுஸ், புளூ ஹவுஸ் என்றால் டி-ஷர்ட்டுக்கு முந்நூறு ரூபாய் தனி ரசீது. லவ்டேல் லாரன்ஸ் (1858), டூன் (1935) மாதிரி பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிகளில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. கொடைக்கானலில் 1901-ல் மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்று சர்வதேசப் பள்ளியாக இருக்கிறது. பகல் மூன்றரைக்கு வேன் ஏறுகிற பிள்ளைக்கு ஏது ஹவுஸ்?

நம் பழைய வடஆற்காட்டில் உண்மையிலேயே பாரம்பரியம் உள்ள தனியார் பள்ளி, கல்லூரி எது? ஒரு பெயர் சொல்லுங்கள்.
- வாசகர், வாணியம்பாடி

ஒரு பெயர் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அது இருக்கட்டும், உங்கள் கேள்வியிலேயே ஒன்றைக் கவனித்தேன். 'தனியார்' என்றதும் எல்லோருக்கும் மெட்ரிக்கும் சி.பி.எஸ்.இ.யும்தான் ஞாபகம் வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகள்தான். ஏதோ ஒரு மிஷன், ஒரு சங்கம், ஒரு ஊர்ப் பெரியவர் ஆரம்பித்தவை. சம்பளம் அரசு தருகிறது, அவ்வளவே. ஃபீஸ் குறைவு என்பதாலேயே அவற்றைக் கௌரவப் பட்டியலில் இருந்து அடித்துவிட்டோம்.

அமெரிக்கன் ஆற்காடு மிஷன் 1853-ல் இங்கே வேலையைத் தொடங்கியது. அதன் வழி வந்த வேலூர்க் கல்லூரி 1898-லிருந்து இருக்கிறது. எலிசபெத் வூர்ஹீஸ் என்ற அமெரிக்க அம்மாளின் பெயரை நம் ஜனங்கள் 'ஊரிசு' என்று ஆக்கி, அதையே போர்டிலும் எழுத வைத்துவிட்டார்கள். பேரை இப்படி வாய்க்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்டால்தான் அது நம்முடையது ஆகிறது. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போகும் முன்னால் படித்தது ஊரிசில். திருத்தணி அன்று வடஆற்காடு. அதற்கு முன் வாலாஜாபேட்டையிலும் படித்திருக்கிறார்.

உங்கள் ஊர் இஸ்லாமியாக் கல்லூரி 1919. தோல் வியாபாரம் செய்த குடும்பங்கள் கல்விச் சங்கம் வைத்து நடத்திய முயற்சி அது. ஊரே சேர்ந்து வளர்த்த பிள்ளை. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951, காட்பாடி ஆக்சீலியம் 1954, மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் பெயரில் 1965. இதிலெல்லாம் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கௌரவம் என்ற பேச்சு வரும்போது எனக்கு ஞாபகம் வருவது மு.வ.தான். வேலத்துக்காரர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு, உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டு, திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். தாமாகவே படித்து 1935-ல் வித்துவான் தேர்வு எழுதினார், மாகாணத்திலேயே முதல். திருப்பனந்தாள் மடம் ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்தது. அந்தக் காலத்து ஆயிரம். எந்தப் பள்ளி தன் பேனரில் அவர் படத்தைப் போடும்? யாராலும் உரிமை கொண்டாட முடியாத முதல் மார்க் அது. பின்னால் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார்.

அக்னி நட்சத்திர வெயிலிலும் டை, ஷூ, சாக்ஸ் கட்டாயம் என்கிறார்கள். எல்.கே.ஜி. பிள்ளை கழுத்தெல்லாம் வேர்க்குரு. இது என்ன நியாயம்?
- ஒரு பாட்டி, சாய்நாதபுரம்

பாட்டி, தலையில் புதுத் தொப்பி வைக்கச் சொன்னதற்காக 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியற்காலை இந்த ஊர்ச் சிப்பாய்கள் என்ன செய்தார்கள் என்று அந்தப் பள்ளி முதல்வருக்கு ஒரு நாள் சரித்திரப் பாடம் எடுங்கள். துப்பாக்கி வேண்டாம், நாலு பாட்டிகள் சேர்ந்து போனாலே டை கழன்றுவிடும். அதுவரை பவுடர் போடாதீர்கள். நுங்குத் தண்ணி தடவுங்கள்.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். கபடியில் குறுவட்டம் ஜெயித்து மாவட்டம் வரை போனான். அடுத்த வருஷம் பத்தாவது என்பதால் "இனி கபடி கிடையாது" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவன் யாரோடும் பேசுவதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?
- ஒரு தந்தை, ஆற்காடு

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு ஒரு 800 மீட்டர் பெண் ஞாபகம் வந்துவிட்டாள்.

உதவி பெறும் பள்ளியில் ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருக்க முடியாமல் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். சேர்ந்த அன்று எனக்கு 'ஸ்போர்ட்ஸ் டைரக்டர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். முப்பத்து மூன்று வருஷம் 'ட்ரில் மாஸ்டர்' என்று கூப்பிடப்பட்டவனுக்கு அது கொஞ்சம் போதையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். டைம்டேபிளில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ரெண்டு பீரியட். ஆகஸ்ட் வந்ததும் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்பார்: "சார், இன்னிக்கு மட்டும்." அடுத்த வாரம் இங்கிலீஷ் டீச்சர்: "சார், இன்னிக்கு மட்டும்." அரையாண்டுக்கு அப்புறம் யாரும் கேட்கக்கூட வரவில்லை, பிள்ளைகளே மைதானத்துக்கு வராமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் ஒன்பதாவது. அப்பா ஷூ கம்பெனியில் வேலை. அவளுக்கு ஓடத் தெரியும் என்று அவளுக்கே தெரியாது. தாமதமாக வந்த பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டபோது, மற்றவர்கள் நாலாவது சுற்றில் நடக்க, இவள் ஆறாவது சுற்று முடித்து, "சார், கிளாசுக்குப் போகலாமா?" என்று மூச்சு வாங்காமல் கேட்டாள். ஒன்றரை மாசம் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். முதல் சுற்றில் பிடித்து வைத்து, ரெண்டாவது சுற்றில் கடைசி இருநூறு மீட்டருக்கு விடணும், அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். குறுவட்டத்தில் முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்த பெண் இருபது மீட்டர் பின்னால்.

மாவட்டப் போட்டி நடந்த தேதியில் பள்ளியில் யூனிட் டெஸ்ட். நுழைவுப் படிவத்தில் முதல்வர் கையெழுத்து வேண்டும். மூன்று தடவை ஆபீசுக்குப் போனேன். முதல் தடவை "பார்க்கலாம் சார்". ரெண்டாவது தடவை "மேனேஜ்மென்ட்டைக் கேட்கணும்". மூன்றாவது தடவை படிவம் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் இருந்தது. வட்டமாகக் கறை. அந்தப் பெண் அன்றைக்குச் சமூக அறிவியல் டெஸ்ட் எழுதினாள். பிப்ரவரியில் ஆண்டு விழா வந்தது. ரோட்டோரம் பெரிய ஃப்ளெக்ஸில் குறுவட்டப் பதக்கத்தோடு அவள் படம். கீழே 'விளையாட்டிலும் சாதனை'. அடுத்த வாரம் நான் விசிட்டிங் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மீதி நூற்றுக்கு மேல் இருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பையன் பக்கம் நில்லுங்கள், ஆனால் சண்டைக்காரராக நிற்காதீர்கள். முதலில் அந்தப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். அவர்தான் உங்களைவிட வருத்தத்தில் இருப்பார். பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்து நடப்பவை. உங்கள் பையன் அடுத்த வருஷமும் 17-லேயே வருவான் என்றால் இன்னும் காலம் இருக்கிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போட்டிக்குப் போகிற நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வருஷத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். தினசரி ஒரு மணி நேரப் பயிற்சி டி.வி., செல்போன் நேரத்தில் போகும், படிப்பு நேரத்தில் அல்ல. இதையே எழுத்தில் ஒரு கடிதமாகக் கொடுங்கள்: இந்த நாட்களில் மகனை அனுப்பச் சம்மதம், விடுபட்ட டெஸ்ட்டை அடுத்த வாரம் எழுதுவான் என்று. 'பெற்றோர் சம்மதிக்கவில்லை' என்பதுதான் பள்ளிகள் சொல்லும் முதல் சாக்கு. அதை எடுத்துவிடுங்கள்.

சான்றிதழ்களின் அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு எந்த அளவுப் போட்டி, எந்த வருஷம் என்று தாள் தாளாகப் பார்ப்பார்கள். பையன் நிஜமாகவே ஆளாக வருவான் என்று அவன் மாஸ்டர் சொன்னால், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. அதற்கான தேர்வு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத்தான், பத்தாவதில் கிடையாது. ஆகையால் பத்தாவது முடித்ததும் உடனே விசாரியுங்கள்.

இன்றைக்கு ராத்திரி அவனோடு ஒரு விஷயம் பேசுங்கள்: ரெய்டு போகும்போது போனஸ் கோடு தாண்டினால் எப்போது பாயின்ட் என்று கேளுங்கள். எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் என்று ஆரம்பிப்பான். அப்புறம் நிறுத்த மாட்டான்.

"மாநிலத்தில் முதலிடம்" என்று இன்னும் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்களே, ரேங்க் முறைதான் இல்லையே?
- வாசகர், ராணிப்பேட்டை

2017-லேயே அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. கூர்ந்து பாருங்கள், 'மாநிலத்தில்' என்பதற்கு முன்னால் கொசுவளவு எழுத்தில் ஏதாவது இருக்கும். இன்னொரு பக்கம், 2024-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்திலேயே கடைசியாக நின்றது நம் வேலூர் மாவட்டம். அதற்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை.

எடை தூக்கும் சதீஷ் சிவலிங்கம் நம் ஊர்க்காரராமே? எந்த ஸ்கூல் அவரை உருவாக்கியது?
- எட்டாம் வகுப்பு மாணவன், காங்கேயநல்லூர்

சத்துவாச்சாரிக்காரர்தான் தம்பி. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம், மொத்தம் 317. உன் வீட்டு அரிசி மூட்டை 25 கிலோ என்றால், பதிமூணு மூட்டை என்று கணக்குப் போட்டுக்கொள்.

அவருடைய அப்பாவே எடை தூக்கியவர், ராணுவத்தில் இருந்தவர். வீட்டுக்குள்ளேயே பாரம்பரியம். நம் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத கிராமம் எது? கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பேர். லீவில் வந்த பட்டாளத்துக்காரர் காலையில் ஓடினால் பின்னால் தெருப் பையன்கள் பத்துப் பேர் ஓடுவார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பம். அப்புறம்தான் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, 1920-ல் ஹாரி பக் என்ற அமெரிக்கத் துரை ஆரம்பித்தது. எடை தூக்க மைதானம் வேண்டாம். ஒரு கொட்டகை, ஒரு பலகை மேடை, இரும்பு, கூட நிற்க ஒரு ஆள் போதும். ஆனால் ஆள் இல்லாமல் தனியாகத் தூக்கிப் பார்க்காதே, அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

பெரிய தனியார் பள்ளியில் எங்களைப் போன்றவர்களுக்கு இலவச இடம் உண்டு என்கிறார்களே, உண்மையா? ஆட்டோ ஓட்டுகிறேன்.
- வாசகர், தொரப்பாடி

உண்மை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில். சிறுபான்மையினர் நடத்துகிற பள்ளிகள் தவிர்த்து, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். நம் மாநிலத்தில் பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். நலிந்த பிரிவு என்றால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2 லட்சத்துக்குள். விண்ணப்பம் ஆன்லைனில். வருமானச் சான்று, இருப்பிடச் சான்றை இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை கோயில் திருவிழா மாதிரி இருக்கும். எந்தப் பள்ளியாவது பிள்ளைக்கோ உங்களுக்கோ நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று வைத்தால் அதுவும் அதே சட்டப்படி குற்றம். முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். "அப்பா என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்டால் பயப்படாமல் சொல்லுங்கள்: ஆட்டோ மீட்டர்.

மாஸ்டர், ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் பிள்ளையை எங்கே படிக்க வைத்தீர்கள்?
- பழைய மாணவன், இப்போது ஓசூர்

யாரென்று தெரிந்துவிட்டது. பூப்பந்து டீமில் வலது பின் ஆட்டக்காரன் நீ. உன்னைத் தவிர இப்படி மூஞ்சிக்கு நேரே யாரும் கேட்க மாட்டார்கள்.

கான்வென்ட்தான். நான் வேலை பார்த்த பள்ளிக்கு வீட்டிலிருந்து நடக்கிற தூரம், பெண்பிள்ளைகளும் படித்தார்கள். அங்கே சேர்க்கவில்லை. வீட்டில் சொன்னார்கள் என்று பழியை அவர்கள் மேல் போடலாம். நிஜம் என்னவென்றால் சம்பள நாளில் ஸ்டாஃப் ரூமில் மற்ற வாத்தியார்கள் தங்கள் பிள்ளைகளின் ஸ்கூல் பேரைச் சொல்லும்போது எனக்கும் சொல்ல ஒரு பேர் வேண்டியிருந்தது. குடியாத்தத்து அம்மாவுக்கு மேலே ஒரு பக்கத்துக்கு எழுதினேனே, அதில் பாதி எனக்கே எழுதிக்கொண்டது.

அவள் நன்றாகப் படித்தாள், அதில் குறையில்லை. ஆனால் ஒரு பி.டி. மாஸ்டர் மகள் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரவில்லை. நீ பூப்பந்து பற்றி வேறு கேட்டிருந்தாய். மஞ்சள் கம்பளிப் பந்தில் கடைசி இரண்டு என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்று ரோமம் எழும்பி, நாய்க்குட்டி மாதிரி ஆகிவிட்டது. முப்பது கிராம்கூட இராது. ஆனால் பனி விழுந்த காலையில் ஆடினால் ஈரத்தில் கனத்து மட்டையில் 'தொப்'பென்று விழும், ஞாபகம் இருக்கிறதா? அதற்காக உன்னை விறகடுப்புப் பக்கத்தில் பந்தைக் காயவைக்கச் சொல்லி, நீ ஒன்றைப் பொசுக்கிவிட்டாய். அந்தப் பந்துக்கு இன்னும் நீ பதினெட்டு ரூபாய் பாக்கி.

மகள் இப்போது சென்னையில். பேரனுக்கு ஸ்கூல் பார்த்துவிட்டுப் போன வாரம் போன் பண்ணினாள். ஸ்மார்ட் கிளாஸ், ரோபோ லேப், நீச்சல் குளம் என்று அடுக்கினாள். எல்லாம் கேட்டுவிட்டு, "கிரவுண்டு இருக்கா?" என்றேன்.

"மாடியில டர்ஃப் போட்டிருக்காங்கப்பா."

"புல்லு எங்கேயாச்சும் தேஞ்சிருக்கா?"

"அது பிளாஸ்டிக்குப்பா, தேயாது" என்றாள்.

நாலே கால் மணிக்கு ஒரு நாள் போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.